ஒன்பது நோவு நோட்டுகள்

ஆம்பூர்,
4 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி அபினேஷுக்கு,

கர்த்தரின் இரக்கத்தால் நானும் அப்பாவும் சுகம். பனி போய்விட்டது, அப்பாவின் முட்டிவலிதான் போகமாட்டேன் என்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் எடுக்காத பழைய கப்பலாகப் பார்த்து ஏறியிருக்கிறாய். வாரம் ஒருமுறை போகிற மெயிலில்தான் உன்னைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. உங்கள் கேப்டனுக்குத் தமிழ் தெரியாது என்றாயே, அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது! வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிற பெண்களுக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாலாஜாபேட்டை, கலவை என்று ஒன்பது குழுக்கள், இருநூற்றுப் பதினான்கு பெண்கள். முதலாளி கிடையாது, தலைவி கிடையாது. ஒவ்வொரு குழுவும் தன் காரியத்தைத் தானே முடிவு செய்துகொள்ளும். மாதம் ஒருமுறை குழுவுக்கு ஒருவராக ஒன்பது பேர் கூடிப் பேசுவார்கள். நான் அவர்களுக்குச் செயலாளர். செயலாளர் என்றால் கடிதம் எழுத, கம்ப்யூட்டர் பார்க்க, டீ சொல்ல.

இதைக் கேள். மூன்று வருடத்துக்கு முன்னால், தோல் ஒட்டுகிற சொல்யூஷனால் தலை சுற்றுகிறது என்று போன பெண்களைக் கம்பெனி டாக்டர் "ரத்தம் கம்மி" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அன்றைக்கே பேரணாம்பட்டு ஹலீமா பீ கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கினார். எந்தத் தேதியில் யாருக்கு எங்கே நோவு, அன்றைக்கு எந்த டப்பா சொல்யூஷன் என்று எழுத ஆரம்பித்தார். அதைப் பார்த்து மற்றக் குழுக்களும் எழுதின. நோவு நோட்டு என்று பெயர். இப்போது ஒன்பது நோட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் நான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று நான்கு குழுக்களை மட்டும் சேர்த்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். பச்சை டப்பா வந்த மாதத்திலிருந்து விரல் மரத்துப்போகிறவர்கள் மூன்று மடங்கு! நாற்காலியில் உட்கார்ந்தபடியே கத்திவிட்டேன், அப்பா கைத்தடியோடு ஓடிவந்தார்.

ஜூலையில் கம்பெனியிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிறார்கள், அவர்கள் சொன்னால் கம்பெனி கேட்கும். அதற்குள் முடித்துவிடுவேன். ஜெபத்தில் நினைத்துக்கொள்.

உன் அக்கா,
அக்சா


கடலிலிருந்து,
23 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மீன், கோழி, மறுபடி மீன். அப்பாவை வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல். நீ கத்தியது இங்கே என்ஜின் அறைவரை கேட்டது.

உண்மையாகவே பெருமையாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன். இந்தக் கப்பலில் ஒரு பைப்பின் சூட்டைக் குறித்தால்கூடப் பக்கத்தில் குறித்தவன் கையெழுத்து இருக்கவேண்டும். அந்தத் தாளை யார் வெளியே காட்டலாம் என்பதற்கும் ஒரு ஆள் உண்டு. உங்களிடம் முதலாளியே இல்லை என்கிறாய். அப்படியானால் ஒன்பது நோட்டும் சேர்ந்த உன் கம்ப்யூட்டர் ஃபைல் யாருடையது? உன்னுடையதா?

சும்மா கேட்டேன். அடுத்த துறைமுகம் மொம்பாசா.

உன் தம்பி,
அபினேஷ்


ஆம்பூர்,
14 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம், உன் சுகத்துக்கு ஸ்தோத்திரம். ஒத்தடம் நடக்கிறது. வெயில் இப்போதே கொளுத்துகிறது.

எட்டு நோட்டு ஏற்றியாகிவிட்டது! ஒன்றுதான் பாக்கி. கலவைக் குழு லில்லி தரமாட்டேன் என்கிறார். இரண்டு பஸ் மாறிப் போய்க் கேட்டேன். தையலை நிறுத்தாமலேயே பேசினார்.

"நோட்ட குடுத்துட்டா அப்புறம் அது எங்க போவும்?"

"கம்ப்யூட்டர்ல இருக்கும் அக்கா. பத்திரமா."

"யார் கம்ப்யூட்டர்?"

"கூட்டமைப்போடது."

"கூட்டமைப்புன்னா யாரு? பேர சொல்லு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார் வீட்டுக் கதவ தட்டறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாம் ஓர் இடத்தில் சேர்ந்தால்தானே பலம்? ஹலீமா பீ ஒரு கேள்வி கேட்காமல் தூக்கிக் கொடுத்தாரே! "படிச்ச பொண்ணு, நீ பாத்துக்கோ" என்றார். நீயும் லில்லியும் ஒரே கட்சி போலிருக்கிறது.

இன்னொரு செய்தி. காலேஜில் என்னோடு படித்த தபரேஸ் நினைவிருக்கிறதா? நம் குழுக்களுக்கு அதிகமாக வேலை தருகிற ஷூ கம்பெனியில் இப்போது ஆபீசர். செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் அசந்துபோனான். "முழு லிஸ்டையும் குடு அக்சா, ஒரே வாரத்துல அந்தப் பச்ச டப்பாவ நிறுத்த வெக்கிறேன். பையர் வர்றவரைக்கும் இன்னாத்துக்கு வெயிட் பண்ணணும்?" என்றான். நல்ல பையன். அந்தப் பேக்கரியில் பன் இன்னும் அப்படியே இருக்கிறது, நீ வந்ததும் போகலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்சா


கடலிலிருந்து,
6 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மொம்பாசாவில் மாம்பழம் சாப்பிட்டேன், நம் ஊர் மாம்பழத்துக்கு ஈடாகாது. அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கியிருக்கிறேன்; பூ ஜாஸ்தி, போடமாட்டார்.

லில்லி அக்கா கேட்டதில் என்ன தப்பு? பெயர் சொல்லியிருக்கலாமே.

பன்னைப் பற்றி எழுதினாய். தபரேஸுக்கு என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லையே?

அபினேஷ்


ஆம்பூர்,
18 மே 2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? பதில் எழுத இத்தனை நாளானதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

பேரணாம்பட்டுக் குழுவில் ஐந்து பேருக்கு ஒரு மாதமாகத் தைக்கத் தோல் வரவில்லை. கம்பெனித் தோலைப் பிரித்துக் கொடுக்கிற ஏஜென்ட் வாஹித் பாஷா ஆட்டோவில் தோல் மூட்டையோடு தெருவுக்கு வருகிறார், அந்த ஐந்து வீட்டை மட்டும் தாண்டிப் போகிறார். தில்ஷாத் ஓடிப்போய் ஆட்டோவை மறித்திருக்கிறாள்.

"எனக்கு இன்னா பாய், ஏன் குடுக்கல?"

"ஒனக்குத்தான் வெரல் மரத்துப்போச்சாமே. ரெஸ்ட் எடும்மா. தையல் கோணலா வந்தா என்னத்தான் கேப்பாங்க."

தம்பி, தில்ஷாதுக்கு விரல் மரத்துப்போகவே இல்லை. நோட்டில் அவள் பெயருக்குத் தலைவலி என்று ஒரே ஒரு வரிதான். விரல் மரத்தது வாலாஜாபேட்டை தில்ஷாதுக்கு. அவருக்கு ஐம்பது வயது. இவளுக்கு இருபத்தாறு. மற்ற நான்கு பேருக்கும் நோட்டில் இருப்பதையே ஏஜென்ட் வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறார். கௌசருக்குக் கருக்கலைந்ததுகூட அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. கௌசர் அதைத் தன் மாமியாருக்கே சொன்னதில்லை. இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள்.

நோட்டு ஹலீமா பீயிடம் இருந்ததால் தெருவே அவரைத்தான் சந்தேகப்படுகிறது. அவர் குர்ஆன்மேல் ஆணையிட்டுச் சொல்லிவிட்டார். நம்புகிறவர்கள் குறைவு. நேற்று கூட்டத்தில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நான் டீ கொடுத்தேன். குடிக்கவில்லை.

அப்பாவுக்கு முட்டி பரவாயில்லை.

அக்சா


கடலிலிருந்து,
8 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு சரியில்லை, அதனால் இது நீளமான கடிதம்.

போன மாதம் ஒருநாள் காலை ஷிஃப்டில் கீழ்த்தட்டு பம்ப்பின் சூட்டைப் பார்த்துக் குறிக்கவேண்டியது என் வேலை. ஏணியில் நாற்பது படி. முதல்நாள் அறுபத்திரண்டு டிகிரி, அதற்கு முதல்நாளும் அறுபத்திரண்டு. நான் இறங்கவில்லை. அறுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஷிஃப்டில் ஹோமர் என்கிற ஃபிலிப்பைன்ஸ்காரன் நான் எழுதியதை நம்பி மூடியைத் திறந்தான். கொதிக்கிற எண்ணெய் முழங்கைவரை தெறித்தது. ஆபத்தில்லை, ஆறிவருகிறது. ஆனால் கத்தினான் பார் அக்கா, அந்தச் சத்தம்.

மீட்டர் பழுது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். மீட்டரைக் கழற்றியே வைத்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும். இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் நாள் ஹோமர் இடது கையால் சோறு அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு சீஃப் என்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். திட்டினார். எழுதி வாங்கிக்கொண்டார். கம்பெனி என்ன செய்யும் என்று தெரியாது. ஆனால் அன்றைக்குப் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

உன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். இனிமேல் கேட்கமாட்டேன்.

உன் தம்பி,
அபினேஷ்


ஆம்பூர்,
19 ஜூன் 2025

அபினேஷ்,

நான்தான்.

பேக்கரி மேசையிலேயே, பன் வருவதற்குள், போனிலிருந்து அனுப்பிவிட்டேன். எட்டுக் குழுவின் பெயர், வயது, தெரு, நோவு எல்லாம் இருந்த முழு ஃபைல். யாரையும் கேட்கவில்லை. நல்லதுதானே செய்கிறோம் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு அவசரம், அவ்வளவு சந்தோஷம். இரண்டு தில்ஷாதையும் வரி மாற்றி ஏற்றியதும் நான்தான். சரிபார்க்க ஹலீமா பீயிடம் ஒருமுறை காட்டியிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

தபரேஸைப் பிடித்துக் கேட்டேன். அழாத குறை. அவன் மேனேஜருக்கு அனுப்பினான். மேனேஜர் புரொடக்‌ஷனுக்கு அனுப்பினார். அங்கிருந்து ஏஜென்டுக்கு. "நான் நல்லதுக்குத்தான் குடுத்தேன், அப்புறம் யார் கைக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது" என்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சொல்லவேண்டியதை அவன் சொல்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பேரணாம்பட்டு கல்யாண மண்டபத்தில் ஒன்பது குழுவும் முழுசாகக் கூடுகிறது. ஹலீமா பீயை நீக்குவதற்காகத்தான் கூட்டம். நான் பேசப்போகிறேன். சோறு இறங்கவில்லை. ஹோமரின் கைக்காக ஜெபித்தேன்.

அக்சா


கடலிலிருந்து,
22 ஜூன்

அக்கா,

இன்று ஞாயிறு. இது உனக்குக் கூட்டத்துக்கு முன்னால் கிடைக்காது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் மூன்று மணிக்கு நான் ஏணியில் இறங்கி நாற்பது படியும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

அபினேஷ்


ஆம்பூர்,
29 ஜூன் 2025

என் அருமைத் தம்பிக்கு,

சுகம், சுகம், சுகம்! ஒரு தட்டு பிரியாணி தனியாகச் சாப்பிட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எனக்கே இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

மண்டபத்தில் நூற்றெண்பது பெண்கள். ஹலீமா பீ ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். பேச்சு தொடங்குவதற்கு முன்னால் நான் மைக்கைக் கேட்டு வாங்கினேன். வேண்டாத ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கு அனுப்பினேன், எந்தத் தேதி, என்ன அனுப்பினேன், எதைத் தப்பாக ஏற்றினேன் என்று உனக்கு எழுதியதையே சொன்னேன். கடைசியில், "இந்த வேலையிலருந்து விலகிக்கிறேன்" என்று கூட்டமைப்பு ஆபீஸ் சாவியை மேசைமேல் வைத்தேன்.

அப்படி ஓர் இரைச்சல்! கௌசரின் அம்மா செருப்பைக் கையில் எடுத்துவிட்டார். அடி விழட்டும் என்றுதான் நின்றேன். ஹலீமா பீ எழுந்து வந்தார். என்னை முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"நாப்பது நாளு. நாப்பது நாளு என்ன யாரும் சலாம் சொல்லி கூப்பிடல. நீ டீ குடுத்த."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சாவிய எடு. பெரிய மனுஷி மாதிரி வெச்சுட்டுப் போனா ஆச்சா? போய்ட்டா பொறுப்பு தீந்துபோச்சா? நாளைக்கு காலைல தில்ஷாத கூட்டிக்கினு கம்பெனிக்குப் போ. நீதானே எழுதின, நீயே போய் தப்புன்னு சொல்லு. அப்புறம் கௌசர் மாமியார் வீட்டுக்கு என்னோட வா. அங்க நான் பேசறேன், நீ வாய மூடிக்கினு நில்லு."

பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "எம்மேலயும் தப்பு இருக்கு. இருவத்தஞ்சு பேர் நோவ கேக்காம தூக்கிக் குடுத்தேன். அது என்னுது இல்ல, அவங்களுது" என்றார்.

கலவை லில்லி அதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். இரண்டு மணி நேரம் சண்டை, தம்பி, என்ன மாதிரி சண்டை! வாலாஜாபேட்டைக்காரர்கள் நோட்டுகளை எரித்துவிடலாம் என்றார்கள். ஆம்பூர்க்காரர்கள் எல்லாவற்றையும் பேங்க் லாக்கரில் பூட்டலாம் என்றார்கள். "பூட்டி வெச்சா டப்பா தானா மாறிடுமா?" என்று லில்லி ஒரு போடு போட்டார். கடைசியில் முடிவானது இது. நோட்டு அந்தந்தக் குழுவிடமே இருக்கும். அதில் எழுதியது சரியா என்பதற்கு ஒரு பெண் பொறுப்பு, அவள் பெயர் முதல் பக்கத்தில். நோட்டைத் திறந்து காட்டுவதற்கு வேறொரு பெண் பொறுப்பு. இரண்டும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. தன் பக்கத்தை யாரும் எப்போது வேண்டுமானாலும் கிழித்துக்கொண்டு போகலாம். கூட்டமைப்புக்குப் பெயர் வராது, எண்ணிக்கைதான் வரும். வெளியே கொடுப்பதென்றால் ஒன்பது குழுவும் தனித்தனியாகச் சரி சொல்லவேண்டும். கூட்டித் தருகிற எண்ணிக்கை தப்பாக இருந்தால் யார் கதவைத் தட்டுவது என்று லில்லி கேட்டார்.

"அக்சா, ஐசக் வாத்தியார் பொண்ணு, மசூதித் தெருவுக்குப் பின்னால வீடு" என்றேன். எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை தில்ஷாதோடு கம்பெனிக்குப் போனேன். மூன்று மேசை ஏறி இறங்கி, கடைசியில் தபரேஸே அந்த லிஸ்ட் தவறு என்று தன் பெயரில் எழுதிக் கொடுத்து, அவர்களிடமிருந்த ஃபைலையும் எங்கள் கண்முன்னால் அழித்தான். புதன்கிழமை ஐந்து வீட்டிலும் ஆட்டோ நின்றது. கௌசர் வீட்டில் மட்டும் இன்னும் முடியவில்லை. ஹலீமா பீ மூன்று முறை போய்விட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு மூன்று முறை நின்றுவிட்டேன்.

உன் கம்பெனி என்ன சொன்னது? உடனே எழுது.

அக்சா


டர்பன் துறைமுகம்,
13 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துவிட்டு டெக்கில் நின்று விசிலடித்தேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். ஹோமர் தன் கையாலேயே எனக்கு முடி வெட்டிவிட்டான். பழிவாங்கிவிட்டான் என்று தலையைப் பார்த்தால் தெரியும். பையர் வந்தார்களா? அந்தச் சாவியை மேசைமேல் வைத்த இடத்தை மட்டும் நான் நான்கு முறை படித்தேன்.

அபினேஷ்


ஆம்பூர்,
3 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

அப்பா உன் பூச்சட்டைக்காகக் காத்திருக்கிறார், போடுவேன் என்கிறார். எல்லோரும் சுகம். கௌசர் முந்தாநாள் வீடு திரும்பிவிட்டாள். மாமியாரே போய்க் கூட்டிவந்தார். ஹலீமா பீ கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டால், "அது அந்த வீட்டுப் பேச்சு, ஒனக்கு எதுக்கு?" என்கிறார்.

பையர் வந்தார்கள். கம்பெனி மேனேஜரும் கூட. நாங்கள் ஒரே ஒரு தாள் கொடுத்தோம். ஒன்பது குழு, இத்தனை பேர், பச்சை டப்பாவுக்கு முன்னால் விரல் மரத்தவர்கள் பதினொன்று, பின்னால் முப்பத்தேழு. கீழே ஒன்பது கையெழுத்து, பத்தாவதாக என்னுடையது. மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரே இல்லாம இத எப்பிடிம்மா நம்பறது? யார் வேணா நம்பர் எழுதலாமே" என்றார். பையர் தரப்பில் வந்திருந்த வெளிநாட்டு அம்மாவும் அதையேதான் ஆங்கிலத்தில் கேட்டார்.

முன்பானால் அந்த நிமிஷமே லேப்டாப்பைத் திறந்திருப்பேன். லில்லியைப் பார்த்தேன்.

"பேரு எங்க கையில இல்ல சார். அது அவங்கவங்களுது. நீங்களே ஒரு டாக்டர வரவைங்க, கம்பெனி டாக்டர் வேணாம். நாங்க இடம் தர்றோம். இஷ்டப்பட்டவங்க வந்து காட்டுவாங்க. வரலன்னா நாங்க பொய்யின்னு வெச்சுக்கோங்க" என்றார் லில்லி.

நேற்றுக் காலை அதே மண்டபம். வேலூரிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். மேசை, நாற்காலி, விரல் சோதிக்க ஊசி. ஒன்பதரை வரைக்கும் ஒருவரும் வரவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஊரெல்லாம் பெயர் வெளியே போய் அடிபட்டவர்கள், எதற்கு வருவார்கள்? என்னால்தானே என்று தூண் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

பிறகு கலவை பஸ் வந்தது. பின்னாலேயே வாலாஜாபேட்டை வேன். பேரணாம்பட்டுத் தெரு நடந்தே வந்தது. முப்பத்தேழு பேர் என்று தாளில் போட்டிருந்தோமே, நாற்பத்தொருவர் நின்றார்கள் தம்பி! நான்கு பேர் நோட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருந்தவர்கள். வாலாஜாபேட்டை தில்ஷாதுக்குத் துணையாக நம் தில்ஷாதும் வந்து பை பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் பேனாவைத் திறந்து, "பேர் சொல்லணும்னு கட்டாயம் இல்லம்மா, நம்பர் போட்டுக்கறேன்" என்றார்.

முதலாவதாக நின்ற ஹலீமா பீ இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தார். மேனேஜர் பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நம்பர் எதுக்கு? ஹலீமா பீ. பேரணாம்பட்டு. நானே சொல்றேன், எழுதிக்கோ."

உன் அக்கா,
அக்சா